எதுக்கு மேல? எதைவிடப் பெருசு?

"அத எடுத்து அங்க வை." காலையில் டீ போடுவதில் தொடங்கி ராத்திரி பாய் விரிக்கும் வரை, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வாக்கியம் ஓயாமல் கேட்கும். சொல்லும்போதே நம் கை நீண்டுவிடும். குழந்தை விரலைப் பார்க்கும், விரல் காட்டிய பக்கம் போகும், வைத்துவிட்டு வந்துவிடும். நமக்கு வேலை முடிந்தது. குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு சொல் கிடைக்காமல் போனது. அதையே, "டம்ளரைத் தட்டுக்குப் பக்கத்துல வை" என்று கையை நீட்டாமல் சொல்லிப் பாருங்கள். குழந்தை கொஞ்சம் நிற்கும், தட்டு எங்கே என்று தேடும், பக்கத்தில் என்றால் எந்த இடம் என்று யோசிக்கும். அந்த யோசனைக்குத்தான் நாம் இடம் கொடுக்க வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி, "கணக்கு எப்போது ஆரம்பிக்கலாம்?" என்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிக்க வைப்பதைத்தான் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். எண்ணுக்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2023-இல் வெளியிட்ட முதல் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பாடம் ஒரு பூனையைத் தேடுவது. பூனை உள்ளே இருக்கிறதா வெளியேவா, மேலேயா கீழேயா என்பதுதான் அங்கே கணக்கு. இந்தப் பாடத்துக்கு வகுப்பறை வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற கட்டிலும் கதவும் கிண்ணமும் போதும்.

இதில் குழந்தைக்கு எது சிரமம் என்பதை முதலில் நாம் புரிந்துகொள்ள வேண்டும். பந்து சிவப்பு என்றால், அதை எங்கே உருட்டினாலும் சிவப்புதான். ஆனால் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கும் பந்து, ஒரு உதை விட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. 'அடியில்' என்பது பந்தோடு ஒட்டிய குணம் இல்லை, பந்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் உள்ள உறவு. பெரியது, சிறியது என்பதும் அப்படியே. ஆகவே சொல்லித்தரும்போது அந்த இன்னொரு பொருளை விழுங்கிவிடக் கூடாது. வெறுமனே "மேல வை" என்னாமல் "அலமாரிக்கு மேல வை" என்று சொல்ல வேண்டும். "இது பெருசு" என்பதோடு நிறுத்தாமல் "அந்தக் கிண்ணத்தைவிட இது பெருசு" என்று முடிக்க வேண்டும். எதுக்கு, எதைவிட என்ற இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது. உள்ளே, மேலே, அடியில் ஆகியவை முதலில் வரும். பக்கத்தில், நடுவில் என்பவை அதற்குப் பிறகு. முன்னால், பின்னால் இன்னும் தாமதம். அதற்குக் காரணம் இருக்கிறது. நாற்காலி, சைக்கிள், பசுமாடு இவற்றுக்கெல்லாம் முன்பக்கம் என்று ஒன்று உண்டு. தூணுக்கும் மரத்துக்கும் பந்துக்கும் அது கிடையாது. "மரத்துக்கு முன்னாடி" என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். ஆகவே முன்னால், பின்னால் என்பதை முகம் உள்ள பொருளில் தொடங்குங்கள். பசு பொம்மைக்கு முன்னால் புல், பின்னால் கன்று என்று வைத்துப் பழகிய பிறகு தூணுக்கும் மரத்துக்கும் போகலாம்.

இடது, வலது கடைசியில் வரும். சோத்தாங்கை என்று நம் வீடுகளில் சொல்வது நல்ல தொடக்கம். குழந்தைக்கு இடக்கைப் பழக்கம் என்றால் மட்டும் அது குழப்பும். அப்போது வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி, "கயிறு இருக்கிற கை" என்று பழக்கலாம். தன் கையில் எது வலது என்பதே பள்ளிக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் நிலைக்கும். எதிரே நிற்பவரின் வலது கை அதற்கும் பிறகு. அவசரப்பட வேண்டாம். வீட்டில் பாட்டி, "செம்பைக் கொஞ்சம் கிழக்கால தள்ளி வை" என்று சொல்பவராக இருந்தால் அவரைத் திருத்தாதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தார் பக்கத்தில் உள்ள சின்னப் பொருளுக்கும் திசை சொல்வதை மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாம் திரும்பி நின்றால் இடது, வலது மாறும், கிழக்கு மாறாது. குழந்தை இரண்டு வழியையும் கற்றுக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் நாம் எளிதாக ஏமாந்துபோவோம். "பொம்மையைப் பெட்டிக்குள்ள வை" என்றதும் குழந்தை வைத்துவிட்டால், 'உள்ளே' என்ற சொல் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1973-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. மிகச் சிறிய குழந்தைகள், கையில் கிடைத்தது பெட்டி மாதிரி குழிவாக இருந்தால் உள்ளே வைப்பார்கள், மேசை மாதிரி தட்டையாக இருந்தால் மேலே வைப்பார்கள். நாம் அடியில் என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். அங்கே சொல்லை விடப் பொருளின் வடிவம்தான் குழந்தையை நடத்துகிறது. உண்மையில் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், வழக்கத்துக்கு மாறாக ஒன்று சொல்லுங்கள். "ஸ்பூனைக் கிண்ணத்துக்கு அடியில வை." கிண்ணத்தைத் தூக்கி அடியில் வைத்தால் சொல் வந்துவிட்டது. உள்ளே போட்டுவிட்டுச் சிரித்தால் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். தப்பு என்று சொல்லாமல், "கிண்ணத்துக்கு உள்ள வச்சுட்ட. இப்போ அடியில வைப்போமா?" என்று சேர்ந்து செய்யுங்கள்.

முதலில் உடம்பு, பிறகு பொருள், அதற்குப் பிறகுதான் படம். இந்த வரிசை முக்கியம். குழந்தை தானே கட்டிலுக்கு அடியில் புகுந்து வரட்டும், இரண்டு தலையணைக்கு நடுவில் உட்காரட்டும். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டால் குளமா, கரையா ஆட்டம் தயார். குளம் என்றால் உள்ளே, கரை என்றால் வெளியே. கண்ணாமூச்சி ஆடி முடித்ததும், "எங்க ஒளிஞ்சிருந்தே?" என்று கேளுங்கள். "கதவுக்குப் பின்னாடி" என்று பெருமையாகச் சொல்லும். அடுத்து, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். சுற்றிலும் ஆறு கிண்ணம், நடுவில் ஒன்று. "நடுவுல என்ன இருக்கு? கடுகுக்குப் பக்கத்துல என்ன?" சில சமயம் குழந்தை கட்டளையிடட்டும், நீங்கள் செய்யுங்கள். தட்டைத் தலைக்கு மேல் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தானாகச் சொல்லும்போதுதான் சொல் வாய்க்கு வரும்.

இனி அளவு. குழந்தைக்கு முதலில் கிடைப்பது 'பெருசு' என்ற ஒரே சொல். நீளமான ரிப்பன், அகலமான வாழை இலை, உயரமான கதவு, கெட்டியான போர்வை எல்லாமே அதற்குப் பெருசுதான். அதைத் திருத்தாமல், பக்கத்தில் சரியான சொல்லைச் சேர்த்துச் சொன்னால் போதும்: "ஆமா, இந்த ரிப்பன் அதைவிட நீளம்." ஒரு நேரத்தில் ஒரே வித்தியாசம் இருக்கட்டும். இரண்டு முருங்கைக்காயை எடுத்துத் தரையில் வையுங்கள். ஒன்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால், குட்டைக் காயையே நீளம் என்று குழந்தை சொல்லக்கூடும், ஏனென்றால் அது நுனியை மட்டும் பார்க்கிறது. சுவரோரமாக இரண்டின் காம்பையும் ஒட்டி வைத்து மறுபடி கேளுங்கள். ஸ்டூலில் ஏறி நின்று "பாட்டியைவிட நான் உயரம்" என்று சொல்லும் குழந்தைக்கும் இதே பாடம்தான்: அடி ஒன்றாக இருந்தால்தான் நுனியை ஒப்பிட முடியும். நாளைக்கு ஸ்கேல் வைத்து அளக்கும்போது சுழியில் தொடங்க வேண்டும் என்பது இதன் தொடர்ச்சி.

எடைக்கு ஒரு பொரிப் பொட்டலத்தையும் ஒரு சின்ன வெல்லக்கட்டியையும் இரண்டு கையிலும் கொடுங்கள். பெருசாக இருப்பது லேசாகவும், சின்னது கனமாகவும் இருக்கலாம் என்பதைக் கையே சொல்லிவிடும்.

கொள்ளளவு மட்டும் பொறுமை கேட்கும். டம்ளரில் இருந்த பாலை டபராவில் ஊற்றினால், "குறைஞ்சு போச்சு" என்று நாலு வயதுக் குழந்தை அழும். சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பார்த்து, அளவு மாறவில்லை என்று சொல்லும் பக்குவம் பெரும்பாலும் ஆறு ஏழு வயதில்தான் வருகிறது. அதுவரை விளக்கிப் பயனில்லை. பாலை மறுபடி டம்ளரில் ஊற்றிக் காட்டினால் போதும்.

இரண்டு பொருள் பழகியதும் மூன்று. பெரிய வெங்காயம், எலுமிச்சம்பழம், சின்ன வெங்காயம். எலுமிச்சை பெருசா, சின்னதா? சின்ன வெங்காயத்தைவிடப் பெருசு, பெரிய வெங்காயத்தைவிடச் சின்னது. ஒரே பழம் இரண்டுமாக இருக்க முடியும் என்பது குழந்தைக்குப் பெரிய செய்தி. இந்தக் கேள்விக்கு என்றைக்கு அது "எதைவிட?" என்று திருப்பிக் கேட்கிறதோ, அன்றைக்கு ஒப்பீடு புரிந்துவிட்டது என்று நம்பலாம்.

இதற்கெல்லாம் பலன் உண்டா? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 குழந்தைகளின் வீட்டுப் பேச்சை, 14 மாத வயதிலிருந்து 46 மாதம் வரை தொடர்ந்து பதிவு செய்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். அளவையும் வடிவத்தையும் குறிக்கும் சொற்களைப் பெற்றோர் நிறையப் பேசிய வீட்டில் குழந்தையும் நிறையப் பேசியது. அப்படிப் பேசிய குழந்தைகள் நாலரை வயதில் உருவங்களைப் பொருத்தும் புதிர்களில் நன்றாகச் செய்தார்கள். பேச்சு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், செலவில்லாத இந்த வழியை விட்டுவிடக் காரணம் இல்லை.

மூன்று வயது தாண்டியும், விரல் காட்டாமல் சொன்னால் 'உள்ளே', 'மேலே' கூடப் புரியவில்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி பாடம் என்று உட்கார வைக்காதீர்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிடக் கற்றுத்தரும் இந்த வயதில், "அண்ணனைவிட நீ குட்டை", "பக்கத்து வீட்டுப் பாப்பாவைவிட நீ ஒல்லி" என்று பிள்ளைகளையே எடுத்துக்காட்டாக ஆக்காதீர்கள். வெங்காயத்துக்கு அது வலிக்காது, குழந்தைக்கு வலிக்கும்.