உலகின் பெரிய மால், ஆயிரம் பேர் ஊர்: ராண்டல் பார்க் எப்படிச் செத்தது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு கட்டடத்தோட கதை. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரத்துக்குத் தென்கிழக்கே நார்த் ராண்டல்னு ஒரு குட்டி ஊர் இருக்கு. பரப்பளவு ஒரு சதுர மைல்கூட இல்லை. மக்கள்தொகை சுமார் ஆயிரம். அந்த ஊரில் 1976 ஆகஸ்டில் ஒரு மால் திறந்தாங்க. பேர் ராண்டல் பார்க் மால். 22 லட்சம் சதுர அடி, 200க்கும் மேற்பட்ட கடைகள். உலகத்திலேயே பெரிய மால்னு விளம்பரம். ஊரோட அதிகாரபூர்வ முத்திரையிலேயே ரெண்டு ஷாப்பிங் பைகளைப் போட்டுக்கிட்டாங்கன்னா, எவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தாங்கன்னு பாருங்க.

2009இல் அந்த மாலை மூடிட்டாங்க. 2014 கடைசியில் இடிக்க ஆரம்பிச்சாங்க. இப்போ அந்த நிலத்தில் நிற்பது அமேசானின் பொருள் அனுப்பும் கிடங்கு. 2018இல் திறந்தது.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் தோணுறது ஒண்ணுதான்: ஆன்லைன் வந்தது, மால் போச்சு, கொன்னவனே வந்து குடியேறிட்டான். கேட்க நல்லா இருக்கு. ஆனா கணக்கு இடிக்குது. 2009இல் அமெரிக்காவின் மொத்தச் சில்லறை விற்பனையில் இணைய வணிகத்தின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். ஒரு ராட்சத மாலைச் சாய்க்க அது போதாது. இன்னொரு உதாரணம் சொல்றேன். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வி என்ற ஊரில் டிக்ஸி ஸ்கொயர் மால் இருந்தது. 1966இல் திறந்து 1978இல் மூடியாச்சு. மூடிக் கிடந்த அந்த மாலுக்குள்ள காரை ஓட்டிக் கண்ணாடி எல்லாம் நொறுக்கி ‘த ப்ளூஸ் பிரதர்ஸ்’ படத்துக்கு ஒரு துரத்தல் காட்சி எடுத்தாங்க. அப்போ இணையக் கடை என்ற சொல்லே கிடையாது. ஆக, நோய் வேற எங்கேயோ இருக்கு.

முதலில் மூடிய மால்னா என்னன்னு பார்ப்போம். இந்த வடிவத்தைக் கொண்டுவந்தவர் விக்டர் க்ரூன். வியன்னாவில் 1903இல் பிறந்த யூதக் கட்டடக் கலைஞர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். மினசோட்டாவின் ஈடைனா என்ற புறநகரில் அவர் வடிவமைத்த சவுத்டேல் 1956 அக்டோபரில் திறந்தது. முழுக்கக் கூரை போட்டு, குளிரோ வெயிலோ உள்ளே வராமல் கட்டிய முதல் புறநகர் மால் அதுதான். அவர் மனசில் இருந்தது வியன்னாவின் வீதிகள். நடந்து போற மக்கள், நடுவில் முற்றம், சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை. கட்டியவங்க கடைகளை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை விட்டுட்டாங்க. சுத்தி வந்தது கார் நிறுத்தும் இடம். பிற்காலத்தில் அவரே இந்த மால்கள் எதுக்கும் தான் தகப்பன் இல்லைன்னு கோபமா மறுத்துட்டு, வியன்னாவுக்கே திரும்பிப் போய் 1980இல் இறந்தார்.

சவுத்டேலுக்குப் பிறகு இந்த மால்கள் நாடு முழுக்க முளைச்சதுக்கு, ஜனங்க கேட்டாங்க என்பது மட்டும் காரணம் இல்லை. 1954இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறியது. புதுசா கட்டின வணிகக் கட்டடத்தின் மதிப்பு வருஷா வருஷம் தேயுதுன்னு காட்டி வருமானத்தில் கழிச்சுக்கலாம் இல்லையா, அந்தத் தேய்மானத்தை முதல் சில வருஷங்களிலேயே பெருமளவு கழிச்சுக்கலாம்னு அனுமதிச்சாங்க. கையில் வாடகை வந்துக்கிட்டே இருக்கும், காகிதத்தில் நஷ்டம் இருக்கும். அந்தக் காகித நஷ்டத்தை வேறு வருமானத்துக்கு எதிரே காட்டி வரியை மிச்சப்படுத்தலாம். சலுகை தீர்ந்ததும் கட்டடத்தை விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டலாம். பழைய நகரத்துக் கடைத்தெருவைப் பழுதுபார்க்கிறவனுக்கு இந்த அளவு லாபம் இல்லை. வெறும் வயலில் புதுசா கட்டுறவனுக்குத்தான் இருந்தது. 1956இல் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்து சேர்ந்தது. தேவை இருக்கோ இல்லையோ, மால் கட்டுவது லாபம் என்ற நிலை. என்னைக் கேட்டா, இந்தக் கதையின் மையமே இந்த இடம்தான்.

இப்போ ராண்டல் பார்க்குக்கு வருவோம். கட்டியவர் எட்வர்ட் டிபார்ட்டொலோ, ஒஹாயோவின் யங்ஸ்டவுன் நகரத்துக்காரர், அந்தக் காலத்தில் நாட்டின் மிகப் பெரிய மால் முதலாளிகளில் ஒருவர். பழைய குதிரைப் பந்தய மைதானம் இருந்த நிலத்தில் கட்டினார். ஐந்து பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள்: சியர்ஸ், ஜே.சி. பென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஹார்ன்ஸ்.

ஆனா அவர் கட்டின நேரத்தைக் கவனிங்க. கிளீவ்லாந்தின் மக்கள்தொகை 1950இல் 9 லட்சத்துக்கும் மேல். 1970இல் ஏழரை லட்சம். 2010இல் 4 லட்சத்துக்கும் கீழே. நகரத்தை விட்டுப் புறநகருக்குத்தானே போனாங்கன்னு கேட்பீங்க. நகரமும் புறநகரும் சேர்ந்த குயஹோகா கவுன்டியைப் பாருங்க: 1970இல் 17 லட்சம், 2010இல் 13 லட்சத்துக்கும் குறைவு. மொத்த ஜனமே குறையுது. எஃகு ஆலைகளும் தொழிற்சாலைகளும் ஒவ்வொண்ணா மூடுது. ஆனா மால் மட்டும் பெருகுது. 1975இல் பக்கத்து ஆக்ரன் நகரத்தில் ரோலிங் ஏக்கர்ஸ், 1976இல் ராண்டல் பார்க், 1977இல் யூக்ளிட் ஸ்கொயர், 1978இல் வடக்கே வசதியான பீச்வுட் ஊரில் பீச்வுட் பிளேஸ். அதே பர்ஸ்கள், கூடுதல் கடைகள். பணக்கார வாடிக்கையாளர்களை பீச்வுட் இழுத்துக்கிச்சு. கூடவே, சுற்றுவட்டாரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறக் குடியேற, வெள்ளையர் பலர் இன்னும் தள்ளிப் போனாங்க. அங்கே புதுக் கடைகள் வந்தது. அந்த மால் பாதுகாப்பில்லை என்ற பேச்சும் பரவியது. அப்படிப்பட்ட பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு குற்றம் இருக்கும், எவ்வளவு தோல் நிறம் இருக்கும்னு கேட்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ஆனாலும் 200 கடை உள்ள இடம் எப்படி முழுசா காலியாகும்? இதுக்கு வாடகை ஒப்பந்தத்தைப் புரிஞ்சுக்கணும்.

மாலில் பெரிய கடைகளை ஆங்கர்னு சொல்வாங்க, நங்கூரம். அவங்களுக்கு வாடகை மிகக் குறைவு. பல இடங்களில் கட்டடமும் நிலமுமே அவங்களுக்குச் சொந்தம். அவங்க கூட்டத்தைக் கூட்டிட்டு வரணும், அதுதான் அவங்க வேலை. மால் முதலாளி சம்பாதிப்பது சின்னக் கடைகளிடம். செருப்புக்கடை, நகைக்கடை, இசைத்தட்டுக் கடை எல்லாம் சதுர அடிக்கு அதிக வாடகை கொடுக்கும். அதுக்கு மேல பொதுப் பராமரிப்புக் கட்டணம். விற்பனை ஒரு அளவைத் தாண்டினா அதிலும் ஒரு பங்கு.

சின்னக் கடைக்காரங்களும் புத்திசாலிகள். இத்தனை ஆங்கர்கள் இருந்தால்தான் முழு வாடகை, குறைஞ்சா வாடகையைக் குறைக்கணும், இல்லேன்னா ஒப்பந்தத்தை முறிச்சுக்கிட்டுப் போவோம்னு எழுதி வாங்கிப்பாங்க. அப்போ ஒரு ஆங்கர் போனா என்ன ஆகும்? கூட்டம் குறையும், அதே நேரம் மற்ற கடைகளின் வாடகையும் விழும். வருமானம் குறைஞ்ச முதலாளி பராமரிப்பில் கை வைப்பார். கூரை ஒழுகும், நகரும் படிக்கட்டு நிற்கும். இன்னும் நாலு கடை போகும்.

இதில் மூடிய மாலுக்குன்னு ஒரு தனிச் சாபம் இருக்கு. சாலையோரமா வரிசையா இருக்கிற கடைகளில் ரெண்டு காலியானா மூணாவது கடைக்குப் பெரிய பாதிப்பு இல்லை, வாசல் தெருவைப் பார்த்துத்தானே இருக்கு. மூடிய மாலில் பாதிக் கடை காலியானாலும் நடைபாதை முழுக்க விளக்கு எரியணும், ஒஹாயோ பனிக்காலத்தில் முழுக்கச் சூடு போடணும். வெளியே ஜன்னலும் கிடையாது. சாலையில் போறவங்க கண்ணுக்குத் தெரியுறது ஆங்கரின் பெயர்ப் பலகை மட்டும்தான். அதையும் கழற்றினா, உள்ளே இன்னும் கடை இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

ராண்டல் பார்க்கில் இது மெதுவா நடந்தது. இதில் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் சொந்தக் கதையும் கலந்திருக்கு. உள்ளூர்ப் பெயர்களைப் பெரிய சங்கிலிகள் விழுங்கின காலம் அது. ஹிக்பீஸ் 1992இல் டில்லார்ட்ஸ் ஆச்சு. மே கம்பெனி அடுத்த வருஷம் காஃப்மேன்ஸ் ஆகி, 2006இல் மேசிஸ் ஆச்சு. தூரத்துத் தலைமை அலுவலகத்துக்கு இது பட்டியலில் ஒரு வரி. லாபம் இல்லேன்னா அடிச்சுடலாம். ஜே.சி. பென்னி 2001இல் போனது, டில்லார்ட்ஸ் 2002இல், மேசிஸ் 2008இல். நடுவில் காப்பாற்றவும் முயற்சி நடந்தது. 1990களின் இறுதியில் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் பெயரில் ஒரு பெரிய திரையரங்கு வளாகம் வந்தது. படம் பார்க்க வந்தவங்க படம் பார்த்துட்டுப் போயிட்டாங்க.

இதில் அடி வாங்கியது யார்? டிபார்ட்டொலோ 1994இல் இறந்தார், அவரது மால் நிறுவனம் 1996இல் சைமன் குழுமத்தோடு இணைந்தது. அங்கே பெரிய சேதம் இல்லை. சிக்கியது ஊர். ஒஹாயோவில் நகராட்சிகள் தங்கள் எல்லைக்குள் வேலை பார்க்கிறவங்களின் சம்பளத்தில் வருமான வரி வசூலிக்கலாம். ஆயிரம் பேர் ஊருக்கு, வெளியூரிலிருந்து வந்து மாலில் வேலை பார்க்கிறவங்கதான் வரவு. ஊர்க் காவல், தீயணைப்பு, சாலை எல்லாம் அதை நம்பித்தான். கடை ஒவ்வொண்ணா மூடும்போது சம்பளப் பட்டியலும் சுருங்கும், நிலத்தின் மதிப்பும் சரியும். ஆனா அந்தப் பிரம்மாண்டமான காலிக் கட்டடத்துக்குள்ள தீப்பிடிச்சா ஓட வேண்டியது அதே சின்ன ஊர்தான். அது ஐந்து வருஷத்துக்கும் மேலா அப்படியே நின்னது. ஆங்கர் கட்டடங்கள் தனித்தனி உரிமையாளர்களிடம் இருந்தால், எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவராமல் முழுசா இடிக்கவும் முடியாது.

அப்போ அமேசான் ஏன் வந்தது? பழிவாங்கவோ வெற்றிக்கொடி நாட்டவோ இல்லை. ஒரே துண்டா பெரிய நிலம், லாரி வந்து திரும்ப இடம், பக்கத்திலேயே நெடுஞ்சாலைகள், வேலைக்கும் வாங்கவும் ஆள். 1970களில் டிபார்ட்டொலோ பார்த்த அதே காரணங்கள். யூக்ளிட் ஸ்கொயர் இருந்த இடத்திலும், ரோலிங் ஏக்கர்ஸ் இருந்த இடத்திலும் இன்னைக்கு அமேசான் கிடங்குகள்தான் நிற்குது. ஒரே வட்டாரத்தில் மூணு மால், மூணு கிடங்கு.

2017இல் நார்த் ராண்டல் கிடங்கை அறிவிச்சபோது 2,000 வேலைன்னு சொன்னாங்க. ஊருக்கு மறுபடியும் சம்பள வரி வருது. மறுபடியும் ஒரே ஒரு பெரிய கட்டடத்திலிருந்து. ஒரு வித்தியாசம்: மாலுக்குள்ள அந்த ஊர்ச் சிறுவர்கள் சும்மா சுத்தலாம், பெரியவங்க பனிக்காலத்தில் காலைநடை போகலாம், நாற்காலியில் உட்கார்ந்து போற வர ஆளைப் பார்க்கலாம். கிடங்குக்குள்ள அடையாள அட்டை இல்லாமல் நுழைய முடியாது.

கேள்விகள் இருந்தா எழுதுங்க. அடுத்த பகுதியில் பேசுவோம்.