ஆப் எழுதப் போகிறீர்களா? ஃபைல்களை எங்கே வைப்பீர்கள்?

வடுகபட்டி என்றதும் பூண்டுச் சந்தைதான் நினைவுக்கு வரும். தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்துள்ள இந்த ஊரில் கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். என் மாமா அங்கே பூண்டு வியாபாரி. எடைச் சீட்டுகளைத் தொலைத்துவிட்டு அவதிப்படுகிறாரே என்று அவருக்காக ஒரு சின்ன மொபைல் ஆப் எழுதிக் கொடுத்தேன். சீட்டைப் படம் எடுத்துப் பெயரைத் தட்டினால் போதும், தேதிவாரியாக அடுக்கிவிடும்.

மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

"போன் போனா போகட்டும் மாப்ள, சீட்டெல்லாம் எங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எல்லாப் படங்களையும் போனுக்குள்ளேயே சேமிக்கும்படி எழுதியிருந்தேன். ஆப் இருக்கிறதே என்று நம்பி அவரும் காகிதச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டிருந்தார். வர வேண்டிய பாக்கியில் பாதிக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை இலவசமாக இறக்கி, ஆப் எழுதிப் பார்க்க நினைக்கிறீர்களா? இந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

கிளவுட் ஸ்டோரேஜ் என்றால் என்ன?

வாடகைக் குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் இடம் பிடித்து, இன்டர்நெட் வழியாக ஃபைல்களைப் போட்டு எடுக்கிறோம். கூகுள் டிரைவ் நாம் கையால் திறந்து பயன்படுத்துவது. இங்கே நம் ஆப் தானாகவே போட்டு எடுக்கும்.

அமேசான் 2006-ல் எஸ்3 என்ற சேவையைத் தொடங்கியது. கூகுள் 2014-ல் ஃபயர்பேஸ் நிறுவனத்தை வாங்கி, 2016-ல் அதில் ஃபைல் சேமிப்பு வசதியையும் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் சேவைக்கு 2015 முதல் சென்னையிலேயே டேட்டா சென்டர் உண்டு. அமேசான் 2016-லும் கூகுள் 2017-லும் மும்பைக்கு வந்தன. பக்கத்து மையத்தைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல்கள் விரைவாகப் போய்வரும்.

சாவி யாரிடம்?

குடோன் பிடித்தால் போதுமா? பூட்ட வேண்டாமா? 2025 ஜூலையில் அமெரிக்காவின் 'டீ' என்ற ஆப்பில், சரியாகப் பூட்டப்படாத சேமிப்பிலிருந்து சுமார் 72,000 படங்கள் வெளியாகின. அவற்றில் சுமார் 13,000, பெண்கள் தங்களை உறுதிப்படுத்த அனுப்பிய செல்ஃபிகளும் அடையாள அட்டைப் படங்களும். உங்களை நம்பிப் படம் கொடுத்தவருக்கு நேரும் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள்.

ஃபயர்பேஸில் 'டெஸ்ட் மோட்' என்று தேர்ந்தெடுத்தால் சில நாட்களுக்கு யார் வேண்டுமானாலும் ஃபைல்களைத் திறக்கலாம். பழகிப் பார்க்க மட்டுமே அது. 'லாகின் செய்தவர் பார்க்கலாம்' என்ற விதியும் போதாது. அப்படி எழுதினால் ஒரு வியாபாரியின் சீட்டை இன்னொரு வியாபாரி பார்த்துவிடுவார். 'அவரவர் ஃபைலை அவரவர் மட்டும்' என்றே விதி எழுதுங்கள்.

வாடகை எவ்வளவு?

முக்கியமாக இரண்டு வகையில் பில் வரும். வைத்திருக்கும் அளவுக்கு ஒன்று, எடுக்கும் அளவுக்கு ஒன்று. இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் இறங்கிவிடாதீர்கள். ஃபயர்பேஸில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இலவச அளவு அமெரிக்காவிலுள்ள சில மையங்களுக்குத்தான். மும்பைக்கு இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். தினம் 40 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் மாதம் 4,800 எம்பி. அனுப்பும் முன் படத்தை 300 கேபி ஆகச் சுருக்கினால் மாதம் 360 எம்பி போதும். சீட்டிலுள்ள எழுத்தும் தெளிவாகவே தெரியும். 'பட்ஜெட் அலர்ட்' வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது எச்சரிக்கும், அவ்வளவுதான். செலவைத் தானாக நிறுத்தாது.

குடோன்காரர் கடையை மூடினால்?

அதுவும் நடந்திருக்கிறது. ஆப் எழுதுபவர்களிடம் பிரபலமாக இருந்த பார்ஸ் என்ற சேவையை ஃபேஸ்புக் 2013-ல் வாங்கியது. 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்து, ஒரு வருட அவகாசம் கொடுத்து, 2017 ஜனவரியில் மூடியது. ஏராளமானோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஆகவே மாதம் ஒருமுறையாவது எல்லா ஃபைல்களையும் உங்கள் கம்ப்யூட்டரிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வையுங்கள்.

மாமாவின் ஆப்பை இப்போது மாற்றி எழுதிவிட்டேன். சிக்னல் இல்லாவிட்டால் படம் போனிலேயே காத்திருக்கும், சிக்னல் வந்ததும் கிளவுட்டுக்குப் போகும். போய்ச் சேர்ந்த பிறகே பச்சை டிக் விழும். அந்த டிக்கைப் பார்த்த பிறகும் காகிதச் சீட்டை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருக்கிறார் மாமா. அவர் செய்வதே சரி என்று நானும் விட்டுவிட்டேன்.