தேன் நமக்கு, கொட்டு யாருக்கு?



நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் ஊசிமலைக் காட்சிமுனை உள்ளது. 2025 ஏப்ரலில் அங்கு வந்த கேரளத்து இளைஞர் ஒருவர் காட்டுத் தேனீக்கள் கொட்டி உயிரிழந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அத்தேனீக்களுக்கு உரிமையாளர் எவருமில்லை. ஆனால், நம் தோட்டத்துப் பெட்டியிலிருந்து கிளம்பும் தேனீக்கள் அண்டை வீட்டாரைக் கொட்டினால்?

அப்பொழுது சட்டம் நம்மையே நோக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, மனிதரல்லாத எவ்வுயிரும் விலங்கே. தம்வசமுள்ள விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராதவாறு காக்க அலட்சியத்தால் தவறுவோருக்கு, அதன் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கோரலாம்.

இங்கேதான் காப்பீடு பற்றிய தெளிவு தேவை. நம் பெட்டிகள் அழிந்தால் நமக்கு ஈடு தருவது ஒருவகை. நம்மால் பிறருக்கு நேர்ந்த தீங்குக்கு ஈடு தருவது மறுவகை. முன்னது இருப்பதால் பின்னதும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். தேனீப் பெட்டிக்கு அப்படியொரு கட்டாயமில்லை. நாமே கேட்டறிய வேண்டும்.

பத்திரத்தில் நோய் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் பாருங்கள். 1991-92இல் பரவிய 'தாய் சாக்புரூட்' நச்சுயிரி நோய், மார்த்தாண்டம் வட்டாரத்தில் பெரும்பாலான பெட்டிகளை வெறுமையாக்கியது. தலைமுறையாக இத்தொழிலை நம்பிய குடும்பங்கள் தவித்தன.

'காப்பீடு ஆகுமா?' என்று நம்மவர் கேட்பது இயல்பே. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வணிகக் காப்பீட்டைத் தடுத்தது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. தவறுதலாக நேர்ந்த உயிரிழப்பின் ஈட்டுத்தொகையை உறவுக் கூட்டம் பகிர்ந்து சுமக்கும் 'ஆகிலா' முறை நம் ஃபிக்ஹில் பழையது. ஓர் ஊரின் தேனீ வளர்ப்போர் பத்துப் பேர் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்துப் பொதுநிதி வைத்தால் அதுவும் அவ்வழியே. ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிம்களிடம் தெளிவு பெறுக.

எனினும், எந்தப் பணமும் போன உயிரை மீட்காது. நடைபாதை, பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டில் ஆகியவற்றுக்கு அப்பால் பெட்டியை வையுங்கள். தேனீக்கள் அண்டை வீட்டுத் தொட்டியை நாடாதபடி அருகிலேயே நீர் வையுங்கள். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினால் நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தேனில் பங்கு கொடுக்காவிடினும், அண்டை வீட்டாருக்கு அச்சத்தில் பங்கு கொடுக்காதிருப்போமாக!