சரக்குக்குத் தார்ப்பாய் உண்டு, இணையக் கடைக்கு?

உப்பு வாரும் காலத்தில் மரக்காணம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருப்பீர்கள். அளத்து ஓரம் அம்பாரமாகக் குவித்த உப்பு, அதன்மேல் கீற்று. லாரியில் ஏற்றிவிட்டால் தார்ப்பாய். மூடாமல் லோடு அனுப்ப யாரும் துணிவதில்லை. வழியில் ஒரு மழை பிடித்தால் போதும், பட்ட பாடெல்லாம் தண்ணீராகப் போய்விடும்.

அளத்தில் மூட்டைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. அதே உப்பைச் சுத்தம் செய்து, கிலோ பாக்கெட்டாக்கி நேரடியாக விற்றால் நான்கு காசு கூடக் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கல் உப்பு, கருவாடு, மல்லாட்டை எண்ணெய், பனைவெல்லம் என்று ஆளாளுக்கு ஓர் இணையதளம் தொடங்க நினைக்கிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் மகளிர் குழுக்களும் இதில் இறங்குகின்றன. நல்லதுதான். ஆனால் அந்தக் கடைக்குத் தார்ப்பாய் போட்டீர்களா என்று கேட்டால், பலருக்குக் கேள்வியே புரிவதில்லை.

உங்கள் கைபேசியை எடுத்து உங்கள் கடையின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்கினால் சரி. கடைசி 'எஸ்' இல்லாமல் 'எச்.டி.டி.பி.' என்று மட்டும் இருந்தால், உங்கள் கடை திறந்த லாரி. 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் அப்படிப்பட்ட தளங்களின் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று எழுதிக் காட்டுகிறது. சென்னையிலிருந்து ஐந்து கிலோ உப்பு வாங்க வந்தவர் அதைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். ஏன் திரும்பினார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வழியில் என்ன நடக்கும்?

வாடிக்கையாளர் தன் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் உங்கள் தளத்தில் பதிகிறார். அது அவருடைய கைபேசியிலிருந்து நேராக உங்கள் தளத்துக்கு வருவதில்லை. லாட்ஜ் வைஃபை, செல்போன் டவர், நடுவில் பல நிறுவனங்களின் கருவிகள் என்று பல கை மாறித்தான் வருகிறது. 'எஸ்' இல்லாத தளத்தில் அது தபால் அட்டை மாதிரி. நடுவில் இருப்பவர் படிக்கலாம். படிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, திருத்தவும் முடியும்.

இந்தத் திருத்தும் வேலைதான் விவசாயிக்கு வினை. சிறு கடைக்காரர் பலர் தங்கள் யு.பி.ஐ. எண்ணையும் கியூஆர் படத்தையும் தளத்திலேயே போட்டுவிடுகிறார்கள். பூட்டில்லாத பக்கத்தில், வழியில் உட்கார்ந்திருக்கும் திருடன் அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைக்க முடியும். வாங்குபவர் பணம் அனுப்பிவிடுவார். உங்கள் கணக்குக்கு வராது. அவர் உங்களைத் திருடன் என்பார், நீங்கள் அவரைப் பொய்யர் என்பீர்கள். இது தினமும் நடக்கும் சமாச்சாரம் இல்லை, ஆனால் நடப்பதற்கு வழி திறந்து கிடக்கிறது. இதைவிட எளிதாகப் பறிபோகக் கூடியது உங்கள் சொந்த பாஸ்வேர்டு. வெளியூரில் பொது வைஃபையில் உட்கார்ந்து கடையின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் அதுவும் அதே தபால் அட்டையில்தான் போகிறது.

சான்று என்பது எதற்கு?

சான்று என்றதும் உங்களுக்கு விதைச் சான்றும் உயிர்மச் சான்றும் நினைவுக்கு வரும். அங்கே அதிகாரி வயலுக்கு வந்து பார்த்து, சரக்கைச் சோதித்துக் கொடுக்கிறார். எஸ்.எஸ்.எல். சான்று அப்படிப்பட்டதல்ல. (இப்போது நடைமுறையில் இருப்பதன் சரியான பெயர் டி.எல்.எஸ்., பழக்கத்தில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.) அது இரண்டு வேலைதான் செய்யும். இந்த முகவரியில் பேசுவது அந்த முகவரிக்கு உரிய தளம்தான் என்று உறுதி செய்யும். இரு பக்கமும் பரிமாறும் விவரங்களை யாரும் படிக்கவோ திருத்தவோ முடியாதபடி பூட்டும். அவ்வளவுதான். உப்பில் எவ்வளவு மண் இருக்கிறது என்று தார்ப்பாய் சொல்லுமா? அதுபோலத்தான்.

இதற்காக யாரும் உங்கள் அளத்துக்கு வரப்போவதில்லை. சான்று வழங்கும் அமைப்பின் கணினி, 'இந்த முகவரி உன்னுடையது என்றால் நான் சொல்லும் சிறு கோப்பை அங்கே வை' என்று கேட்கும். உங்கள் தளம் வைத்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, சில நொடிகளில் சான்றைத் தந்துவிடும்.

காசு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகச் சான்று கொடுத்துவருகிறது. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்கள் நிர்வாகப் பலகையிலேயே இதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கின்றன. ஷாப்பிஃபை போன்ற ஆயத்தக் கடைகளில் சான்று தானாகவே வந்துவிடும். இப்படியிருக்க, 'எஸ்.எஸ்.எல். போட வருடத்துக்கு இவ்வளவு' என்று தனியாகப் பில் போடுபவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்ததற்குக் கூலி கேட்டால் கொடுங்கள். சான்றுக்கே விலை கேட்டால், இலவசச் சான்று ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.

நிறுவனத்தின் பதிவு விவரங்களையும் சோதித்துக் கொடுக்கும் விலை கூடிய சான்றுகளும் உண்டு. முன்பு அவற்றைப் போட்டால் முகவரியில் நிறுவனப் பெயர் பச்சையாகத் தெரியும். 2019-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை எடுத்துவிட்டன. பூட்டின் பலம் இரண்டிலும் ஒன்றுதான். உப்பும் கருவாடும் விற்கும் கடைக்கு இலவசச் சான்று தாராளமாகப் போதும்.

போடும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் ஒன்றைப் பாருங்கள். தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தளம் செய்து கொடுத்த தம்பியின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் இருந்தால், நாளைக்கு அவர் வெளிநாடு போய்விட்டால் உங்கள் கடைச் சாவி அவரோடு போய்விடும். என்னைக் கேட்டால், சான்றைவிடப் பெரிய தலைவலி இதுதான். குழுவின் பெயருக்கும் குழுவின் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொண்டு பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தளம் முழுவதையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஹோஸ்டிங் பலகையில் சான்றை இயக்குங்கள். முகவரியை 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' போட்டும் போடாமலும் மக்கள் தட்டுவார்கள், இரண்டுக்கும் சேர்த்துச் சான்று வாங்க வேண்டும். வேர்டுபிரஸில் கடை வைத்திருந்தால், பொது அமைப்புகள் பகுதியில் தள முகவரி இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டிலும் 'எஸ்' சேருங்கள்.

இத்தோடு விட்டுவிடுகிறார்கள் பலர். பழைய முகவரி அப்படியே திறந்து கிடக்கும். பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்குத் திருப்பிவிட ஏற்பாடு செய்தால்தான் பூட்டு பூட்டாக இருக்கும். பழைய படங்கள் சில இன்னும் 'எஸ்' இல்லாத முகவரியிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம். அப்போது பக்கம் பாதி மூடிய லோடுதான். எல்லாம் முடிந்ததும் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, வேறொருவர் கைபேசியில் திறந்து, ஒரு பாக்கெட் உப்பை நீங்களே வாங்கிப் பாருங்கள்.

நாள் தவறினால்

அளத்தில் டிகிரி பார்த்துத்தான் வேலை செய்கிறோம். 25 டிகிரி வாக்கில் உப்பு கட்டத் தொடங்கும். 29, 30 தாண்டியும் தண்ணீரை விட்டுவைத்தால் மெக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும். சான்றுக்கும் அப்படி ஒரு கெடு உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றுக்கு ஆயுள் 90 நாள். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் வாடிக்கையாளர் திரையில் கடைக்குப் பதிலாக அபாய எச்சரிக்கைதான் வரும். சான்றே இல்லாத கடைக்குச் சிறு குறிப்பு. காலாவதியான கடைக்கு வழி மறிப்பு. எனவே போட்டுவிட்டு மறப்பது போடாமல் இருப்பதைவிட மோசம்.

காசு கொடுத்து வாங்கும் சான்றுக்கும் இனி ஆயுள் குறைகிறது. முன்பு 398 நாள் வரை கிடைத்தது. சான்று வழங்குவோரும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச் 15 முதல் வழங்கும் சான்றுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறதா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. குழுவில் ஒருவர் மாதம் ஒருமுறை தளத்தைத் திறந்து தேதி பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாவாசை, பௌர்ணமி கணக்குப் பார்க்கும் ஊரில் இது பெரிய வேலையில்லை.

பூட்டு இருந்தால் நல்லவரா?

இல்லை. இலவசமாகவும் நொடியிலும் கிடைப்பதால் போலி டிராக்டர் கடைக்காரனும் போலி உரக் கடைக்காரனும் இதே சான்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். பூட்டுப் படத்தைப் பார்த்து மக்கள் ஏமாறுவதால்தான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. நீங்கள் விதை, கருவி வாங்கும்போது முகவரியில் எழுத்து மாறியிருக்கிறதா, விற்பவரின் பெயர், ஊர், தொலைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை, கேட்டால் மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

உங்கள் கடைக்கும் இது பொருந்தும். தளத்தில் முழு முகவரியும் குறை கேட்பவர் பெயரும் போடுவது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கேட்பது. உப்பு விற்பவர்களுக்கு இன்னொன்று: நேரடியாக உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். கடையில் அது 15 பி.பி.எம். அளவுக்குக் குறையக் கூடாது. அயோடின் சேர்க்காத கல் உப்பை மாட்டுக்கு, பதப்படுத்துவதற்கு என்று லேபிளில் தெளிவாக எழுதித்தான் விற்க வேண்டும். தளத்திலும் அப்படியே எழுதுங்கள். 'இயற்கை உப்பு, சமையலுக்கு' என்று அழகாகப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் அளம் தண்ணீரில் கிடக்கும், கையில் வேலை இருக்காது. முகவரியைக் குழுவின் பெயருக்கு மாற்றுவது, சான்று போடுவது, லேபிள் திருத்துவது ஆகிய மூன்றையும் அந்த மழை மாதங்களில் முடித்துவிட்டால், தை, மாசியில் புது உப்பு வாரும்போது கடை தயாராக இருக்கும்.