கரைந்த கோட்டையும் நிற்கும் கோட்டையும்

ஆடி 18 வந்துவிட்டால் கொங்கு நாட்டில் இரண்டு ஊர்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போவார்கள். ஒன்று அறச்சலூர் பக்கத்து ஓடாநிலை. இன்னொன்று சங்ககிரி. தீரன் சின்னமலைக்கு மாலை போடத்தான் அத்தனை பேரும் போகிறார்கள்.

காங்கேயம் வட்டாரத்து மேலப்பாளையத்தில், பழையகோட்டைப் பட்டக்காரர் மரபில், 1756 ஏப்ரல் 17 அன்று பிறந்தவர் சின்னமலை. பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. திப்பு சுல்தானோடு சேர்ந்து ஆங்கிலேயக் கும்பெனியை எதிர்த்தார். 1799இல் திப்பு போரில் இறந்த பிறகும் அவர் ஓயவில்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டினார், வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், சில ஆண்டுகள் கும்பெனிப் படையோடு மோதினார். கடைசியில் 1805 ஜூலை 31 அன்று, ஆடி 18இல், அவரையும் அவருடைய தம்பிமாரையும் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள்.

இதை வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். இந்த முறை அந்த இடங்களை அறிவியல் கண்ணோடு பார்க்கலாம் வாருங்கள். ஓடாநிலையில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கட்டிய கோட்டை இல்லை. சங்ககிரிக்குப் போனால் மதில் மேல் மதிலாக மலை முழுக்கக் கோட்டை நிற்கிறது. ஒன்று அடையாளமே இல்லாமல் போக, மற்றொன்று நிற்பது எப்படி?

முதலில் சங்ககிரி. கோவையிலிருந்து சேலம் போகும் பெருவழியில் பவானியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், சமவெளியின் நடுவே தனியாக எழுந்து நிற்கும் பாறை மலை கண்ணில் படும். அது கருங்கல் மலை. சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் இருக்கும் இந்தக் கருங்கல், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் வெகு ஆழத்தில் பாறைக் குழம்பாக இருந்தது. அங்கேயே மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. மெதுவாகக் குளிர்ந்ததால் அதற்குள் இருக்கும் படிகங்கள் பெரிதாக வளர நேரம் கிடைத்தது. கோட்டைப் படியில் உட்கார்ந்து கல்லை உற்றுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரிச் சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார். வெயிலில் மினுக்குவது அபிரகம், அதாவது மைக்கா. மேலே மூடியிருந்த பாறைகளையும் சுற்றியிருந்த மண்ணையும் மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போய்விட்டன. எளிதில் அரிக்க முடியாத கருங்கல் மட்டும் மலையாக மிஞ்சியது.

விஜயநகரக் காலத்திலேயே இந்த மலையைக் கோட்டையாக்கிவிட்டார்கள். பின்னால் மைசூர்ப் படை இருந்தது, அதன் பின் கும்பெனிப் படை வந்தது. ஆள்கிறவர்கள் மாறினாலும் இந்த மலையை விட யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் தண்ணீர். மலை உச்சியில் ஏது தண்ணீர் என்று கேட்பீர்கள். மொட்டைப் பாறையில் விழும் மழை உள்ளே இறங்குவதில்லை, அப்படியே வழிந்து ஓடுகிறது. அதைப் பள்ளங்களில் தேக்கினால் சுனை. ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள பாறையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர்! கிணறு வெட்ட முடியாத மலைமேல் படை தங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

கருங்கல்லை எப்படி வெட்டினார்கள்? குவார்ட்ஸ் சாதாரண இரும்பையே கீறிவிடும். ஆகையால் கல் தச்சருக்கு எஃகு முனை வைத்த உளி வேண்டும். அந்த முனையும் சீக்கிரம் மழுங்கிவிடும். அதைத் திரும்பத் திரும்ப உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்த்துத் துவைச்சல் பிடிப்பார்கள். சட்டெனக் குளிரும்போது எஃகுக்குள் அணுக்களின் அடுக்கு மாறி அது கடினமாகிறது. பெரிய பாறையைப் பிளக்க ஒரு நேர்கோட்டில் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, மாற்றி மாற்றி அடிப்பார்கள். கல் அந்தக் கோட்டோடு பிளந்து கொடுக்கும். பழைய கோட்டைக் கற்களின் ஓரத்தில் வரிசையாகப் பாதிக் குழிகள் தெரிந்தால், அது இந்த வேலையின் தடம். உலைக்களம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சென்னிமலை பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகளே கிடைத்தன.

இனி ஓடாநிலைக்கு வருவோம். அந்தக் காலத்துப் பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண் கோட்டைகள்தான். மண் என்றதும் இளப்பமாக நினைத்துவிடாதீர்கள். கல் மதில் திணறும் இடத்தில் மண் மதில் தாக்குப் பிடித்தது உண்டு. கட்டபொம்மன் வழியில் வந்த பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள் 1801இல் மண்ணால் எழுப்பிய மதில், கும்பெனிப் பீரங்கிகளை நெடுநாள் திணற வைத்தது.

ஏன் அப்படி? 12 பவுண்டு பீரங்கிக் குண்டின் எடை சுமார் 5.4 கிலோ. அது நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் எவ்வளவு ஆற்றலோ, அவ்வளவு ஆற்றல் அந்தச் சின்ன இரும்பு உருண்டையில் இருக்கும். அது எங்கே போகும்? கருங்கல் வளைந்து கொடுக்காது. குண்டு கொஞ்ச தூரத்திலேயே நின்றாக வேண்டியிருப்பதால் விசை மிகப் பெரிதாகி, கல் விரிசல் விடும், சில்லாகத் தெறிக்கும். மண் மதிலில் குண்டு உள்ளே புதைந்துகொண்டே போகும். நிற்பதற்கு நீண்ட தூரம் கிடைப்பதால் விசை குறைகிறது. குண்டு போன இடத்தில் ஓட்டை விழும், மதில் நிற்கும். இரவோடு இரவாக மண்ணைக் குழைத்து அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். கையில் பெரிய படையும் பணமும் இல்லாதவர்கள் மண்ணை நம்பியது அறியாமையால் அல்ல. அது நல்ல பொறியியல்.

மண்ணின் பகை மழை. களிமண் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். நடுவே கொஞ்சமாக ஈரம் இருந்தால் அந்த ஈரப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தகடுகள் விலகி வழுக்கும், மதில் சேறாகிவிடும். ஆள் குடியிருக்கும்வரை ஆண்டுதோறும் பூசி மெழுகுவார்கள், மேலே கூரை போடுவார்கள். ஓடாநிலைக் கோட்டையை ஆங்கிலேயப் படை தரைமட்டமாக்கியது. மிஞ்சிய மண்ணுக்கு மெழுக ஆள் இல்லை. இருநூறு மழைக்காலங்கள் மீதி வேலையைச் செய்துவிட்டன.

அறச்சலூர் வரை போனவர்கள் அங்கே இருக்கும் நாகமலையையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பாறைக் குகையில் தமிழி எழுத்தில் இசைக் குறிப்பு வெட்டப்பட்டிருக்கிறது. 1,600 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதைச் செதுக்கிய உளியின் கோடு இன்றும் தெரிகிறது. பக்கத்திலேயே ஒரு கோட்டை முழுவதும் கரைந்து போயிருக்கிறது. எந்தப் பொருள் எத்தனை காலம் தாங்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கொங்கு நாட்டில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வீரக் குடும்பங்களும் அவர்களின் கோட்டைகளும் உலகெங்கும் உண்டு. அனிமே பார்க்கிற உங்களுக்குச் சாமுராய்களைத் தெரிந்திருக்கும். ஜப்பானில் சாமுராய்க் குடும்பங்கள் கட்டிய கோட்டைகளைப் பார்க்க இன்றும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். குமமோட்டோ கோட்டை அவற்றில் ஒன்று. கட்டோ கியோமசா என்ற சாமுராய்த் தலைவர் கட்டியது, 1607இல் முடிந்தது. அதன் கல் மதில் கீழே சரிவாகத் தொடங்கி, மேலே போகப் போகச் செங்குத்தாக வளைந்து எழும். கீழே ஏறுவது சுலபம், மேலே ஏறவே முடியாது! கற்களுக்கு இடையே சாந்து கிடையாது. மதிலுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கற்களைக் கொட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் அந்த வழியாக வடிந்துவிடும். நிலம் நடுங்கும்போது கற்கள் கொஞ்சம் அசைந்து இடம்கொடுக்கும். அப்படியும் 2016 ஏப்ரலில் வந்த பெரும் நிலநடுக்கங்களில் மதிலின் பல பகுதிகள் சரிந்தன. விழுந்த கற்களுக்கு ஒவ்வொன்றாக எண் போட்டு, பழைய படங்களோடு ஒப்பிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து வருகிறார்கள். முழுவதும் முடியப் பல பத்தாண்டுகள் ஆகுமாம். அந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் சங்ககிரி மதில் பெரும்பாலும் நேராக எழுகிறது. அடியில் இருப்பது அசையாத ஒரே பாறை என்பதால் அது போதும். ஆனால் நம் பக்கம் நிலம் நடுங்கவே நடுங்காது என்று எண்ணிவிடாதீர்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் சுமார் 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது.

ஜப்பானில் ஹிமேஜி என்ற ஊரில் இன்னொரு கோட்டை இருக்கிறது. இகேடா குடும்பம் 1609இல் கட்டி முடித்த அது முழு வெள்ளை. அந்த வெள்ளை என்ன தெரியுமா? நம் ஊர்ச் சுண்ணாம்புதான்! சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின், அது காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி, மறுபடியும் கல்லாகிறது. ஜப்பானியர் அதில் கடற்பாசிப் பசையும் சணல் நாரும் சேர்த்தார்கள். நம் கொத்தனார்கள் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு ஊர்க் கைவினைஞர்கள், செடிகொடியின் சாறு சுண்ணாம்பை உறுதியாக்கும் என்பதைத் தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறார்கள். சங்ககிரி வட்டாரத்தில் சுண்ணாம்புக் கல் ஏராளம். இன்று அதை வெட்டி எடுத்து சிமெண்ட் செய்கிறார்கள்.

மண் மதில் மழையை எவ்வளவு தாங்கும் என்று அறிய, வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். செம்மண்ணைக் குழைத்து ஒரே அளவில் மூன்று கட்டிகள் பிடியுங்கள். ஒன்றில் மண் மட்டும். இரண்டாவதில் நறுக்கிய வைக்கோலைச் சேருங்கள். மூன்றாவதும் வைக்கோல் சேர்த்ததே, ஆனால் காய்ந்தபின் மேலே சாணி மெழுகுங்கள். மூன்றும் ஒரு வாரம் வெயிலில் காயட்டும். பிறகு அடியில் சின்ன ஓட்டை போட்ட டப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஒரே உயரத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் சொட்ட விடுங்கள். எது எத்தனை நிமிடத்தில் கரையத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரி மலையில் ஏறும்போது அப்பா, அம்மா, ஆசிரியர் என்று பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள், மழை நாளில் வழுக்குப் பாறையில் கால் வைக்காதீர்கள். சுனையில் இறங்கவே கூடாது. மதிலில் பேரெழுதுகிறவர்களைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், கீறுவது குற்றம்.

இன்னொரு வேண்டுகோள். கொங்கு நாட்டில் கோட்டை இருந்து மறைந்த ஊர்கள் பல உண்டு. கோவை நகரத்துக் கோட்டைமேட்டில் இன்று ஈஸ்வரன் கோயில் இருக்கிறது, பழைய கோட்டை இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு மேடு இருக்கலாம். அப்பச்சி, அம்மாயியிடம் கேளுங்கள். போய்ப் பாருங்கள், மண்ணின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், செங்கல் துண்டோ சுண்ணாம்புக் கட்டியோ தெரிந்தால் எடுக்காமல் படம் மட்டும் வரைந்து உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் காட்டுங்கள்.