பாடுவது யார்? பாடகரா, பெட்டியா?

மும்பையின் கிழக்குப் புறநகர் ஒன்றில் தமிழர் குடியிருப்பு. அங்கே ஆண்டு விழா. வீட்டுக்கு முந்நூறு ரூபாய் வீதம் வசூலித்து, சென்னையிலிருந்து ஒரு பாடகரை வரவழைத்திருந்தார்கள். டெலிவிஷனில் பார்த்துப் பழகிய முகம். எனவே ஏழு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட டிபன் டப்பாவும் கையுமாக ஓரத்தில் நின்றார்கள்.

முதல் இரண்டு பாட்டும் பிரமாதம். ரிக்கார்டில் கேட்பது போலவே இருந்தன. மூன்றாவது பாட்டின் சரணத்தில் வந்தது வினை. ஒரே சொல்லின் முதல் பாதி நாலு தடவை, ஐந்து தடவை திரும்பத் திரும்ப ஒலித்தது. பாடகரின் வாயோ அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் மைக்கைப் பிடித்தபடி, மேடை ஓரத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தார். பையன் பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினான். பின் வரிசையில் விசில் கிளம்பியது.

என் பக்கத்தில் பேரனை மடியில் வைத்திருந்த பாட்டியம்மாள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னிடம் திரும்பினார். "ஏய்யா, ரெக்கார்டு டான்ஸுன்னு முதல்லயே சொல்லியிருந்தா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேனே?"

பாட்டியம்மாள் கேட்டது மிகச் சரியான கேள்வி. நம்மூர்த் திருவிழாக்களில் ரெக்கார்டு டான்ஸ் நடக்கும். இசைத்தட்டைப் போட்டு அதற்கு ஆடுவார்கள். அதில் யாரும் ஏமாறுவதில்லை. பெயரிலேயே ரெக்கார்டு இருக்கிறது. அன்று ஒட்டிய போஸ்டரில் இருந்ததோ "மாபெரும் இன்னிசைக் கச்சேரி" என்ற வாசகம்.

சினிமாவில் மட்டும் சரியா?

"சினிமாவே வாயசைப்புத்தானே, மேடையில் செய்தால் என்ன குற்றம்?" என்று விழாக் கமிட்டியைச் சேர்ந்த அன்பர் ஒருவர் வாதாடினார். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம் போலத் தெரியும்.

எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகன் வேஷம் கிடைப்பது கஷ்டம். தமிழில் பின்னணிக் குரலுக்கு வழி திறந்த படம் என்று 1938ல் வெளிவந்த ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று ஆனது. சிவாஜி வாயசைக்க, டி.எம். சௌந்தரராஜன் பாடினார். பாடியது சிவாஜி என்று நாம் யாரும் நம்பவில்லை. டைட்டிலில் டி.எம்.எஸ். பெயர் இருந்தது. ரேடியோவிலும் பெயரைச் சொல்லித்தான் பாட்டுப் போட்டார்கள்.

அந்தப் பெயரும் சும்மா வந்துவிடவில்லை. நம் மும்பையிலேயே, மாலாடில் இருந்த பாம்பே டாக்கீஸ் தயாரித்த 'மஹல்' 1949ல் வந்தது. அதில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ் பெற்ற பாட்டின் இசைத்தட்டில் முதலில் லதாவின் பெயர் இல்லை. படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரமான 'காமினி'யின் பெயரைப் பாடகியாகப் போட்டிருந்தார்கள். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பாடியது யார் என்று ரேடியோ நிலையத்தை விசாரித்த பிறகே உண்மைப் பெயர் வெளியே வந்தது.

ஆக, திரையில் முகம் வேறு, குரல் வேறு. அந்தக் குரலின் சொந்தக்காரர் நம் முன் வந்து நிற்கும் ஒரே இடம் மேடைதான். அங்கேயும் அவர் தன் பழைய குரலுக்கு வாயசைத்தால், அவர் பாடகர் வேஷத்தில் வந்த நடிகர் ஆகிறார். அவரை நேரில் பார்க்க முந்நூறு ரூபாய் எதற்கு? போனிலேயே பார்க்கலாமே.

கவுண்டரிலிருந்து கண்டது

என் பிழைப்பு ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இசைக் குழுக்கள் மொத்தமாக டிக்கெட் எடுக்க வருவார்கள். நிகழ்ச்சிக்காகப் பயணம் செய்யும் இசை, நாடகக் குழுக்களுக்கு அப்போது கட்டணச் சலுகை இருந்தது. ஸ்லீப்பரிலும் இரண்டாம் வகுப்பிலும் முக்கால்வாசி தள்ளுபடி. சான்றிதழைக் காட்டி பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் என்று பாரம் நிரப்புவார்கள். டிரம் செட்டும் கீபோர்டும் லக்கேஜ் ஆபீஸ் வழியாகப் போகும். "சார், தபேலாவை மட்டும் மடியிலேயே வெச்சுக்கறேன்" என்பார் ஒருவர்.

கொரோனா சமயத்தில், 2020 மார்ச்சில், பெரும்பாலான சலுகைகள் நிறுத்தப்பட்டபோது இதுவும் நின்றது. அதற்கு முன்பே பாரத்தில் பெயர்கள் குறைந்துகொண்டு வந்ததையும் நான் பார்த்தேன். பன்னிரண்டு எட்டாயிற்று, எட்டு நாலாயிற்று. இப்போது ஒரு பாடகர், ஒரு பாடகி, லேப்டாப்புடன் ஒரு பையன். தபேலா வரவில்லை. அது பென் டிரைவுக்குள் இருக்கிறது.

இதில் இரண்டு விதம் உண்டு என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். வாத்தியங்கள் மட்டும் பதிவில் ஓட, மேலே பாடகர் தன் தொண்டையால் பாடுவது ஒரு விதம். இதைக் கரோக்கி என்கிறார்கள். ஜப்பானில் கோபே நகரத்து டைசுகே இனோவே என்ற இசைக்காரர் 1971ல் இதற்கென்று ஒரு பெட்டி செய்தார். நம் சங்கங்களில் ஆபீஸ் முடிந்து வந்து கரோக்கியில் பாடும் குமாஸ்தாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். (அடியேனும் பாடுவதுண்டு. கேட்டவர்கள் மன்னித்தருள வேண்டும்.) சுருதி விலகினாலும் அது சொந்தத் தொண்டை. இன்னொரு விதத்தில் குரலும் பதிவில் இருக்கும். மைக்கை அடைத்துவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள். அல்லது பதிவுக் குரலின் மேலே லேசாகச் சேர்ந்து பாடி, மேல் ஸ்தாயி வரும்போது பெட்டியிடம் விட்டுவிடுவார்கள்.

கண்டுபிடிப்பது கஷ்டமல்ல. பாடகர் மைக்கை வாயிலிருந்து விலக்கிக் கும்பிடு போடும்போதும் சத்தம் குறையாது. துள்ளிக் குதித்தாலும் மூச்சு வாங்காது. பாட்டு முடிந்து "வணக்கம் மும்பை" என்றதும் வேறு ஆள் பேசுவது போல இருக்கும். எல்லாவற்றையும்விட முடிவைக் கவனியுங்கள். இசைத்தட்டுகளில் பல பாட்டுகள் தேய்ந்து தேய்ந்து மறையும். மேடையில் வாசிப்பவர்கள் அப்படி மறைய முடியாது. ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டி, ஓர் இடத்தில் சேர்ந்து நிறுத்த வேண்டும். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குத் திருப்தி.

டோலக் அண்ணன்

தாராவியில் எனக்குத் தெரிந்த டோலக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். பகலில் தோல் பட்டறையில் வேலை, இரவில் கச்சேரி. கணபதி விழாவும் ஆடி மாதமும் வந்தால் வீட்டில் நெல்லுச் சோறு என்று சிரிப்பார். முதலில் ரிதம் பேட் வந்தது. அதையும் கடன் வாங்கிக் கற்றுக்கொண்டார். பிறகு டிராக் வந்தது. அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

"அண்ணே, டோலக் எங்கே?" என்று போன மாதம் கேட்டேன்.

"பரண்ல கிடக்கு தம்பி. தோல் தளர்ந்துபோச்சு. வார் இழுத்துக் கட்டலாம்தான், எதுக்குக் கட்ட?" என்றார்.

காலஞ்சென்ற எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மேடையில் பாடும்போது, இடையிசையை நன்றாக வாசித்தவரின் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொல்வார். ரசிகர்கள் அதற்கென்றே காத்திருப்பார்கள். பென் டிரைவுக்கு யார் கைதட்டுவது?

பாடகர் தரப்பு

நியாயம் பேசுகிறவன் இரு தரப்பையும் கேட்க வேண்டும். அன்று நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அந்தப் பாடகரைச் சந்தித்தேன். கழுத்தில் மப்ளர், கையில் வெந்நீர் பிளாஸ்க். முந்தின இரவு ஒரு ஊர், மறுநாள் இன்னொரு ஊர். தொண்டை கட்டிவிட்டது என்றார். அது பொய்யல்ல, பேசும்போதே தெரிந்தது. "ரிக்கார்டு மாதிரியே இருக்கணும் சார்னுதான் எல்லாக் கமிட்டியும் கேக்கறாங்க. ஆடவும் சொல்றாங்க. ஆடிக்கிட்டே அப்படிப் பாட யாரால முடியும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நேரமும் ஒரு காரணம். ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தபின், இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது; குறிப்பிட்ட சில விழா நாட்களில் மட்டும் பன்னிரண்டு வரை அனுமதி கிடைக்கும். அரசியல்வாதியின் பேச்சு ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். பத்து வாத்தியத்துக்கு மைக் வைத்துச் சரிபார்க்க எங்கே நேரம்? டிராக்குக்கு ஒரு ஒயர் போதும்.

பெரியவர்களும் இதில் விழுந்ததுண்டு. இத்தாலியின் டூரின் நகரில் 2006 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. உலகப் புகழ் பெற்ற பாவரொட்டி, எழுபது வயதில், கொட்டும் குளிரில் திறந்த மேடையில் பாடினார். உலகமே மெய்மறந்தது. அவர் முன்பே பதிவு செய்ததற்கு வாயசைத்தார் என்றும், வாத்தியக் குழுவும் வாசிப்பதுபோலப் பாவனை செய்தது என்றும் அன்று குழுவை நடத்தியவரே பின்னால் எழுதினார். பாவரொட்டி 2007ல் காலமானார். நாற்பது வருஷம் தொண்டையால் பாடிய மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மில்லி வனில்லி என்ற இரட்டையர் கதை வேறு. 1989ல் அமெரிக்க மேடை ஒன்றில் பதிவு சிக்கிக்கொண்டு ஒரே வரி திரும்பத் திரும்ப ஒலித்தது, நம் மைதானத்தில் நடந்தது போலவே. 1990 பிப்ரவரியில் கிராமி விருது வாங்கினார்கள். இசைத்தட்டில் இருந்ததே அவர்கள் குரல் அல்ல என்று தெரிந்ததும் அதே ஆண்டு நவம்பரில் விருது பறிக்கப்பட்டது. வழக்குகள் வந்து, இசைத்தட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைத்தது. நம் முந்நூறு ரூபாயில் மூன்று ரூபாய்கூடத் திரும்பவில்லை.

சட்டம் போட்டால் தீருமா? சீனாவில் 2005ல் வந்த நிகழ்ச்சி விதிகள், வாயசைத்து ரசிகரை ஏமாற்றக் கூடாது என்கின்றன. மூன்றே வருஷத்தில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு சிறுமி வாயசைக்க, இன்னொரு சிறுமியின் குரலை ஒலிக்கவிட்டார்கள்.

எனவே நான் போலீசைக் கூப்பிடச் சொல்லவில்லை. நோட்டீஸில் ஒரு வரி கேட்கிறேன். நேரடிக் குரலா, பதிவா? வாத்தியம் உண்டா, டிராக்கா? உள்ளதைப் போடுங்கள். பதிவுதான் என்றால் வசூலைக் குறைத்துக்கொள்ளுங்கள். "ரிக்கார்டு மாதிரியே" வேண்டும் என்று கேட்பதை நாமும் நிறுத்த வேண்டும். ரிக்கார்டில் இல்லாத ஒரு இருமல், ஒரு சிரிப்பு, புதிதாக ஒரு சங்கதி, இதற்காகத்தானே தரையில் உட்கார்ந்து கேட்கிறோம்?

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில், வெளியூர்ப் பாடகர் வேண்டாம், உள்ளூர்க் குழுவே போதும், இருபத்தைந்து பாட்டுக்குப் பதில் பதினாறு, நோட்டீஸில் "நேரடி இசை" என்று அச்சிடுவது என முடிவாயிற்று. அரசியல்வாதிக்குப் பத்து நிமிஷம். டோலக் அண்ணன் பரணிலிருந்து இறக்கி வார் கட்டக் கொடுத்திருக்கிறார். கீபோர்டு வாசிப்பவர் எங்கள் டிவிஷனில்தான் வேலை பார்க்கிறார்; அன்று இரவு அவருக்கு டூட்டி. மாற்றிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.