அசைந்து கொடுத்தே நிற்கும் வீடுகள்!

டில்லித் தமிழர்களில் பலர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு குலு, மணாலி போய் வந்திருப்பார்கள். பனியைப் பார்த்திருப்பார்கள், ஆப்பிள் வாங்கியிருப்பார்கள். ஆனால், மலைச் சரிவில் நிற்கும் பழைய குடியானவர் வீடுகளை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு வரிசை மரம், ஒரு வரிசை கல், மறுபடி மரம், மறுபடி கல் என்று அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. இடையில் சிமெண்டு கிடையாது. சுண்ணாம்புக் காரையும் கிடையாது. இந்தக் கட்டுமான முறைக்கு 'காட்-குணி' என்று பெயர். 'காட்' என்றால் மரம். 'குணி' என்றால் மூலை. இதன் சூட்சுமம் மூலையில்தான் இருக்கிறது!

கீழே மாடு, மேலே மனிதர்

இது வெறும் வீடு அல்ல. தொழுவம், குதிர், வீடு மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த கட்டிடம். கீழ்த்தளத்தில் ஆடு மாடுகள். நடுவில் தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும். மேல்தளத்தில் குடும்பம். குளிர்காலத்தில் மாடுகளின் உடல் சூடு மேலே ஏறிப் பலகைத் தளத்தைக் கதகதப்பாக்கும்.

மேல்தளத்தைச் சுற்றிச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத் தாழ்வாரத்தில் பெண்கள் வெயில் காய்வார்கள், தானியம் உலர்த்துவார்கள். கூரைக்குச் சிலேட்டுக் கல். அதன் கனமே கட்டிடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

சுவரின் ரகசியம்

சுவரின் உட்புறம் ஒரு தேவதாரு உத்திரம், வெளிப்புறம் ஒன்று. இரண்டையும் குறுக்குக் கட்டைகள் பிணைக்கின்றன. இடைவெளியில் சிறு கற்களை இட்டு நிரப்புகிறார்கள். மூலையில் இரு சுவர்களின் உத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, மர முளைகளால் இறுகுகின்றன. உயரம் ஏற ஏறக் கல் குறையும், மரம் கூடும். அதனால் மேலே கனம் குறைவு.

பூமி அதிரும்போது காரை இல்லாத கற்கள் சற்று நகர்ந்து, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மர வளையங்கள் சுவரைப் பிளக்க விடாது. 1905 ஏப்ரல் 4 அன்று காங்ராவைத் தாக்கிய பூகம்பத்தில் சுமார் 20 ஆயிரம் பேர் மாண்டார்கள். கல் கட்டிடங்கள் பல தரைமட்டமாயின. ஆனால், இதே முறையில் கட்டிய நக்கர் கோட்டை இன்றும் நிற்கிறது!

ஏன் மாற்றுகிறார்கள்?

இவ்வளவு சிறப்பு இருந்தும் கிராமத்தார் கான்கிரீட்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தேவதாரு மெதுவாக வளரும் மரம். காட்டில் அதை வெட்டக் கட்டுப்பாடுகள் உண்டு; விலை கொடுத்து வாங்கவோ கட்டுப்படியாகாது. வேலை தெரிந்த தச்சர்களும் குறைந்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நெருப்புப் பயம்! நெருக்கமாக நிற்கும் மர வீடுகள். உள்ளே குளிர்காலத்துக்குச் சேர்த்த வைக்கோலும் விறகும். ஒரு பொறி போதும். 2021 அக்டோபரில் மலானா கிராமத்தில் பல வீடுகள் எரிந்தன. 2025 புத்தாண்டு நாளில் பஞ்சார் பக்கத்துத் தாந்தி கிராமத்திலும் அதே கதி. வீட்டைப் பறிகொடுத்தவனிடம் மரத்தின் பெருமை பேச முடியுமா?

அரைகுறை மாற்றம் ஆபத்து

ஆனால், முழுதும் மாற்றாமல் பாதியில் கை வைப்பதுதான் பெரிய ஆபத்து. மாடுகள் போனதும் தொழுவத்தைக் கடையாகவோ விருந்தினர் அறையாகவோ ஆக்குகிறார்கள். வெளிச்சத்துக்காகப் பெரிய ஜன்னல் வைக்க உத்திரத்தை அறுத்தால், சுவரைக் கட்டியிருக்கும் அரைக்கச்சையையே அறுத்தது போலத்தான். அழகுக்காகச் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் வெளியேறாமல் உள்ளே மரம் உளுத்துவிடும். மேலே கான்கிரீட் தளம் போட்டாலோ, பூகம்பத்தில் அந்தக் கனமே எமன்!

சரியான மாற்றமும் உண்டு. கழிவறையை வீட்டை ஒட்டித் தனியாகக் கட்டலாம். வைக்கோலையும் விறகையும் தள்ளி வைக்கலாம். பழைய மின்கம்பிகளை மாற்றலாம். உளுத்த உத்திரத்தை மட்டும் கழற்றிப் புதிது பொருத்தலாம். காரை இல்லாததால், பழைய வீட்டைப் பிரித்தாலும் கல்லும் மரமும் வீணாகாமல் அடுத்த வீட்டுக்கு உதவும்.

2023 ஆகஸ்டு 24 அன்று குலு மாவட்டம் ஆனியில் மழையால் மண் சரிந்து, பல மாடிக் கட்டிடங்கள் அடுத்தடுத்து விழுந்ததை நாடே படத்தில் பார்த்தது. மலையே சரிந்தால் மர வீடும் நிற்காது, உண்மைதான். ஆனால், சரிவில் எங்கே கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதில் அந்தப் பழைய குடியானவன் காட்டிய நிதானம் இன்றைக்கும் பாடம்தான்.

அடுத்த முறை மணாலி போகிறவர்கள் நக்கருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்தக் கோட்டை இப்போது அரசு சுற்றுலாக் கழகத்தின் ஓட்டல். உள்ளே நுழையும் முன், சுவரின் மூலையருகே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பூமி குலுங்கியபோது அந்தச் சுவரைச் சேர்த்துப் பிடித்த பிணைப்பு அங்கேதான் இருக்கிறது.